தண்டல்காரர் ஏன் இன்னும் வருகிறார்? சிறு வணிகரின் முதலும் அதற்குச் சொல்லப்பட்ட பதில்களும்

உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. மேலே பெயர், தொகை, ஆரம்பித்த தேதி. கீழே 1 முதல் 100 வரை கட்டங்கள். மாலையில் வண்டியில் வரும் வசூல்காரர் நூறு ரூபாயை வாங்கி, அன்றைய கட்டத்தில் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு அடுத்த கடைக்கு நகர்கிறார். காய்கறிச் சந்தையிலும் இட்லிக் கடையிலும் பூ விற்கும் பெண்ணின் சுருக்குப்பையிலும் இந்தத் தண்டல் அட்டை இருக்கும். பத்தாயிரம் கடன் என்றால் பிடித்தம் போகக் கைக்கு வருவது பெரும்பாலும் எட்டாயிரத்து ஐநூறுதான். நாளுக்கு நூறு வீதம் கட்டினால் நூறு நாளில் கணக்கு முடியும்.

பதினைந்து சதவீத வட்டி என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அசல் தினமும் கரைந்துகொண்டே வருகிறது; கடன் வாங்கியவர் கையில் சராசரியாக அதில் பாதிதான் நிற்கிறது. சரியாகக் கணக்கிட்டால் நாளுக்கு 0.33 சதவீதம், மாதத்துக்குச் சுமார் 10, ஆண்டுக்கு 120 சதவீதம் வரும். பக்கத்துத் தெரு வங்கியின் சிறுதொழில் கடனுக்கு வட்டி இதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கான சட்டம் 1904இல் வந்தது. வங்கிகள் 1969இல் நாட்டுடைமையாயின. மகளிர் குழுக்கள், முத்ரா கடன், தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி என்று வரிசையாக எத்தனையோ வந்துவிட்டன. அப்படியும் தண்டல்காரரின் வண்டி ஏன் நிற்கவில்லை? சிறு வணிகருக்கு முதல் எங்கிருந்து வர வேண்டும் என்ற பழைய கேள்வி இதற்குள் இருக்கிறது. அதற்கு இதுவரை சொல்லப்பட்ட பதில்கள் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் தடுக்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கொள்ளையா, செலவா?

மிகப் பழைய பதில் அறம் சார்ந்தது: வட்டிக்காரர் ஏழையின் அவசரத்தை விலைபேசுகிறார், அவரைத் தடுக்க வேண்டும். தமிழ்நாட்டின் சட்ட வரலாற்றில் இந்தப் பார்வையின் தடம் நீளமானது. 1943இல் அடகுக்காரர் சட்டம், 1957இல் வட்டிக்குக் கடன் கொடுப்போர் சட்டம், 2003இல் அதிக வட்டி வசூல் தடைச் சட்டம். கடைசியாகச் சொன்னது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டம்தான். ஆனால் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகிய சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தருகிறது. தெருவின் சொல் சட்டத்துக்குள் நுழையும் அளவுக்கு நோய் முற்றியிருந்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை என்று முறையிட்டு வந்த ஒரு குடும்பமே தீக்குளித்து இறந்தது. சட்டம் வந்து பதினான்கு ஆண்டு ஆகியும் அது அந்தக் குடும்பத்தைக் காக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் பொருளியலாளர்களின் பதில் நிற்கிறது. கடன் கொடுப்பவருக்கு, வாங்குபவர் யார், திருப்பித் தருவாரா என்று தெரியாது, தெரிந்துகொள்ளச் செலவாகும். ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் ஆண்ட்ரூ வைஸும் 1981இல் எழுதிய கட்டுரை, வங்கிகள் வட்டியை உயர்த்துவதைவிடச் சிலருக்குக் கடனையே மறுத்துவிடுவது ஏன் என்பதை இந்த அறியாமையைக் கொண்டு விளக்கியது. பாகிஸ்தானின் சாம்பர் பகுதியில் வட்டிக்காரர்களின் கணக்கை ஆராய்ந்த இர்பான் அலீம் 1990இல் வெளியிட்ட முடிவும் இங்கே பொருந்தும். ஆளை விசாரிப்பது, பின்தொடர்வது, வராக்கடன் எல்லாம் சேர்ந்த சராசரிச் செலவுக்கு ஏறத்தாழ ஒப்பாகவே அவர்களின் வட்டி இருந்தது. இதன்படி பார்த்தால், தண்டல்காரரின் வட்டியில் பெரும்பகுதி அவர் தினமும் கடைகடையாக ஏறி இறங்கும் நடைக்கான கூலி.

இரண்டு பதில்களிலும் ஓட்டை உண்டு. செலவுக் கணக்கு வட்டியை விளக்கலாம். மிரட்டலையும் கடை வாசலில் நின்று செய்யும் அவமானத்தையும் அது விளக்குவதில்லை. தடைச் சட்டமோ, கடன் தேவை அப்படியே இருக்கும்போது கொடுப்பவரை மட்டும் இருட்டுக்குத் தள்ளுகிறது. இருட்டில் கொடுக்கும் கடனுக்கு ஆபத்துக்கான விலையும் கூடுகிறது. குற்றத்தைத் தண்டிப்பதும் தேவையை நிறைவேற்றுவதும் தனித்தனி வேலைகள் என்பது விவாதங்களில் அடிக்கடி மறந்துபோகிறது.

சங்கமும் வங்கியும்

மாற்றை உருவாக்கு, வட்டிக்காரர் தானே விலகுவார் என்பது மூன்றாவது பதில். அதன் வேர் சென்னை மாகாணத்தில் இருக்கிறது. பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கடன் சங்கங்களைப் படித்து 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை தந்தார். 1904இல் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவானது.

அரை நூற்றாண்டு கழித்து 1951-52இல் நடந்த அகில இந்தியக் கிராமக் கடன் கணக்கெடுப்பு, கிராமத்தார் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3 சதவீதம் அளவே என்று காட்டியது. பிறகு 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் அரசுடைமையாயின. முன்னுரிமைத் துறைக்கு இவ்வளவு கடன் தந்தே ஆக வேண்டும் என்ற விதியும் நாளடைவில் உறுதியானது. கிளைகள் பெருகின. கிராமங்களில் வங்கிக் கிளை திறந்ததால் வறுமை குறைந்தது என்று ராபின் பர்கஸும் ரோகிணி பாண்டேயும் 2005இல் வெளியிட்ட ஆய்வு பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. எளிதில் ஒதுக்கிவிட முடியாத சான்று அது.

அப்படியானால் சந்தைக்காரர் ஏன் வங்கிக்குப் போவதில்லை? ஒரு காரணம் கடன் கொடுக்கும் செலவு. பத்தாயிரம் ரூபாய்க் கடனுக்கும் பத்து லட்சம் ரூபாய்க் கடனுக்கும் அலுவலரின் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்னொரு காரணம் நேரம். சென்னைக் கோயம்பேடு சந்தையில் விடியும் முன்பே சரக்கு எடுக்க வேண்டிய ஒருவருக்குக் காலை மூன்று மணிக்குப் பணம் வேண்டும். வங்கி பத்து மணிக்குத் திறக்கும், ஆவணம் கேட்கும், நாளை வரச் சொல்லும். இரண்டு காலை கடை அடைத்தால் இரண்டு நாள் வருமானம் போயிற்று. விண்ணப்பத்தில் எங்கும் பதிவாகாத இந்த இழப்பும் கடனின் விலையில் சேர்ந்ததே.

இன்றைய அரசுத் திட்டங்கள் இந்தக் குறைகளை ஓரளவு அறிந்தே வடிவமைக்கப்பட்டவை. குறு, சிறு நிறுவனங்களிடம் 10 லட்சம் ரூபாய்க் கடன் வரை ஈடு கேட்கக் கூடாது என்று 2010இல் ரிசர்வ் வங்கி விதித்தது. 2015இல் வந்த முத்ரா, சிசு வகையில் 50,000 வரையும் கிஷோர் வகையில் 5 லட்சம் வரையும் தருண் வகையில் 10 லட்சம் வரையும் பிரித்துத் தருகிறது. 2024இல் தருண் பிளஸ் என்று 20 லட்சம் வரை ஒரு வகை சேர்ந்தது. 2020இல் ஸ்வநிதி 10,000 ரூபாயில் தொடங்கியது. ஒழுங்காகக் கட்டுவோருக்கு 7 சதவீத வட்டி மானியமும் அடுத்த கட்டத்தில் கூடுதல் கடனும் உண்டு. 2025இல் முதல் கட்டக் கடன் 15,000 ஆனது. தள்ளுவண்டிக்காரரை வங்கி தன் வாடிக்கையாளராகப் பெயர் எழுதிக்கொண்டதே பெரிய மாற்றம் என்பது என் கருத்து. ஆனாலும் அத்திட்டம் மாதத் தவணையில்தான் ஆரம்பித்தது. தினம் காசு புரளும் கல்லாவில் மாதக் கடைசி வரை தவணைப் பணத்தைத் தொடாமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சொந்தக்காரர்களின் பணம்

அரசையும் வட்டிக்காரரையும் நம்பாமல் தங்களுக்குள்ளேயே முதலைத் திரட்டிக்கொண்ட வணிகர்களும் இருந்தார்கள். நகரத்தார் வலைப்பின்னல் பற்றி டேவிட் ரட்னரும், நாடார் சமூகத்தின் எழுச்சி பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நாடார் வணிகர்கள் விற்ற சரக்கின் மீது தங்களுக்குத் தாங்களே ஒரு சிறு வரி போட்டுக்கொண்டார்கள், அதுதான் மகமை. உறவின்முறை என்ற அவர்களின் ஊர் அமைப்பு அந்தப் பணத்தில் பள்ளி கட்டியது, பொதுக் காரியம் பார்த்தது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. 1904இல் கும்பகோணத்திலும் 1916இல் கரூரிலும் 1926இல் மறுபடி கரூரிலும் உள்ளூர் ஆட்கள் தொடங்கிய வங்கிகளையும் இதே வரிசையில் வைக்கலாம். ஆளைத் தெரியும், அப்பாவைத் தெரியும், கடையைத் தெரியும்: பொருளியலாளர் சொன்ன அறியாமை இங்கே பெருமளவு இல்லை.

இதன் எளிய வடிவம் சீட்டு. இருபது பேர், மாதம் ஐயாயிரம், சீட்டுத் தொகை ஒரு லட்சம். ஒருவருக்கு அவசரம், ஏலத்தில் 25,000 தள்ளி 75,000 எடுக்கிறார். நடத்துபவரின் கழிவு ஐயாயிரம் போக மிச்சம் இருபதாயிரம் இருபது பேருக்கும் பிரிகிறது. அந்த மாதம் ஆளுக்கு நாலாயிரம் கட்டினால் போதும். அவசரக்காரருக்கு அது கடன், காத்திருப்பவருக்குச் சேமிப்பு. ஒரே கருவி இரண்டு வேலையும் செய்வதால்தான் சீட்டு இத்தனை தலைமுறை தாக்குப்பிடிக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 1961லேயே சீட்டுகளுக்குத் தனிச் சட்டம் வந்தது. 1982இல் மத்தியச் சட்டம். 2019 திருத்தத்தில் நடத்துபவரின் கழிவு வரம்பு 5 சதவீதத்திலிருந்து 7 ஆனது.

பதிவில்லாச் சீட்டு பிடித்தவர் ஓடிப்போன ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். வைப்புத் தொகை வாங்கி ஏமாற்றிய நிதி நிறுவனங்களைக் குறிவைத்து 1997இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதைவிட ஆழமான குறை, உறவின் வட்டத்துக்கு வெளியே நிற்பவருக்கு இதில் கதவே இல்லை என்பது. ஆரணி நகரை 1973 முதல் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட், வணிகக் கடனும் சரக்கும் சாதி வழியாகவே ஓடுவதைத் தொடர்ந்து எழுதியிருக்கிறார். மகமைப் பெட்டி இல்லாத சமூகத்தில் பிறந்தவர் கடை வைக்க நினைத்தால் முதல் படியிலேயே முதல் இல்லை. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 35 சதவீத மூலதன மானியம் தருகிறது. இந்த இடைவெளியை நேராகப் பார்த்துத் தரப்பட்ட பதில் என்ற வகையில் அது முக்கியமானது; பலனை மதிப்பிட இன்னும் காலம் வேண்டும்.

குழுக்கடனின் வாக்குறுதி

உறவு இல்லாத இடத்தில் உறவைச் செயற்கையாக உருவாக்கலாமே என்பதுதான் குழுக்கடனின் அடிப்படை. வங்கதேசத்தின் கிராமீன் வங்கி இதற்கு உலகப் புகழ் தந்தது. ஆனால் தமிழ்நாட்டுக்கு இது இறக்குமதிச் சரக்கு இல்லை. சென்னையில் ஜெயா அருணாசலம் 1978இல் உழைக்கும் மகளிர் பேரவையைத் தொடங்கியதே சிறு வியாபாரம் செய்யும் பெண்களின் கடன் தேவையை முன்வைத்துத்தான். 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் பின்னர் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவின.

ஆய்வுகளின் தீர்ப்பு நிதானமானது. இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ, மங்கோலியா, எத்தியோப்பியா, போஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த சோதனைகள் 2015இல் ஒன்றாக வெளியாயின. கடன் கிடைத்ததால் சிலர் தொழிலைப் பெருக்கினார்கள். சராசரி வருமானத்தில் பெரிய மாற்றம் தென்படவில்லை. ஆந்திரத்தில் குழுக்கடன் நிறுவனங்களின் வசூல் நெருக்கடி முற்றி 2010இல் மாநில அரசு அவசரச் சட்டம் போடும்படி ஆனது. 2022இல் ரிசர்வ் வங்கி, ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. நல்ல விதி, ஆனால் கைமாற்றும் தண்டலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை, அந்தப் பாதியில் எவ்வளவு ஏற்கெனவே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. இசபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்பிரமணியன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பற்றி எழுதி 2023இல் வெளியான நூல், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று சுழற்றும் வேலை பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுவதைக் காட்டுகிறது.

கடையும் வீடும் ஒரே கல்லா

கடனை விட்டுக் கடைக்காரரின் நாளைப் பார்க்கும் ஆய்வுகள்தான் இந்த வரலாற்றில் புதியவை. எனக்கு மிகவும் பயனுள்ளவையாகத் தோன்றுபவையும் அவையே.

சென்னைப் பழ வியாபாரிகள் காலையில் கடன் வாங்கி மாலையில் அடைப்பதற்கு நாளுக்குச் சுமார் 5 சதவீதம் தருவதை அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011இல் எழுதினார்கள். அவ்வளவு வட்டி கொடுத்தும் தொழில் நடக்கிறது என்றால், அந்தச் சிறு முதலின் விளைச்சல் அபாரமானது. சில தேநீரைக் குறைத்துச் சேர்த்து முதலில் போட்டாலே சில மாதத்தில் கடனில்லாமல் சரக்கு எடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். பின் ஏன் யாரும் செய்வதில்லை? டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் வட்டிக் கடனைத் தாங்களே அடைத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவு: பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனாளி ஆனார்கள்.

இதைச் சிக்கனம் தெரியாத குறை என்று படிப்பது எளிது, தவறும்கூட என்பேன். கல்லாவில் இருக்கும் பணம் சரக்கு முதலா, வீட்டுச் செலவா என்று பிரிக்கும் சுவர் சிறு வணிகருக்கு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த டப்பாவில்தான் கை போகும். தங்கை வீட்டுச் சீர், பள்ளிக் கட்டணம், மழையில் ஓடாத மூன்று நாள் எல்லாவற்றுக்கும் அதே டப்பா. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் டி மெல், மெக்கன்சி, உட்ரஃப் ஆகியோர் சிறு கடைக்காரர்களுக்கு 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் இலவசமாகவே கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் கடைகளில் அது மாதத்துக்கு 5 சதவீதத்துக்கும் மேல் ஈட்டியது. பெண்களின் கடைகளில் சராசரியாக எதுவும் ஏறவில்லை. பெண்ணுக்குத் திறமை இல்லையா? 2019இல் வந்த மறு ஆய்வு வேறு விதமாக விளக்கியது: பெண் பெயரில் வந்த பணம் பல வீடுகளில் கணவரின் தொழிலுக்குப் போயிருக்கிறது, வீடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் விளைச்சல் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கோணத்தில் தண்டல் வேறு பொருளாகத் தெரிகிறது. வீட்டுக்குள் போவதற்கு முன்பே நூறு ரூபாயைக் கல்லாவிலிருந்து வாங்கிக்கொண்டு போகும் ஆள்தான் தண்டல்காரர். விஜயவாடாவில் தினம் ஐந்து ரூபாய் வசூலித்து, 220 நாள் கழித்து ஆயிரமாகத் திருப்பித் தந்த பெண்ணைப் பற்றி ஸ்டூவர்ட் ரதர்ஃபோர்டு எழுதியிருக்கிறார். கட்டிய ஆயிரத்து நூறில் நூறு அவருக்குக் கூலி. சேமிக்கவே காசு கொடுத்தார்கள். 1928இல் உடுப்பியில் ஒரு வங்கி பிக்மி சேமிப்பு என்று வீடுவீடாக ஆள் அனுப்பி இரண்டணா முதல் வசூலித்ததும் இதே தேவையைத்தான் நிறைவேற்றியது. தண்டல்காரரின் நடையை ஒரு வங்கியே நடந்து காட்டியிருக்கிறது. அந்த வழியைப் பெரிய வங்கிகள் தொடராமல் விட்டது இந்த வரலாற்றின் பெரிய நஷ்டங்களில் ஒன்று என்பேன்.

தவணையின் வடிவத்தையே மாற்றிப் பார்த்த சோதனையும் உண்டு. எரிகா ஃபீல்டும் ரோகிணி பாண்டேயும் சகாக்களும் கொல்கத்தாவில் குழுக்கடன் வாங்கியோரில் ஒரு பகுதியினருக்கு முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிவைத்தார்கள். அவர்கள் துணிந்து முதலீடு செய்தார்கள், நீண்டகால லாபமும் கூடியது. வராக்கடனும் கூடவே சுமார் மூன்று மடங்கானது. விடுப்பு தந்தால் தொழில் வளர்கிறது, ஆனால் அதன் விலையை யாரோ கட்ட வேண்டும்.

பதிவும் தடமும்

சிறு வணிகர் சட்டத்தின் கண்ணில் படாமல் இருப்பதுதான் சிக்கல், பதிவு செய்தால் கடன் தானே வரும் என்பது எண்பதுகளில் பெருவின் எர்னாண்டோ டி சோட்டோ பரப்பிய பதில். இந்தியாவில் 2020இல் வந்த உத்யம் பதிவும், ஜிஎஸ்டி எண் இல்லாத குறுந்தொழில்களுக்காக 2023இல் வந்த உத்யம் அசிஸ்ட் தளமும் அந்தச் சிந்தனைக்கு அருகில் உள்ளவை. பதிவுக்குக் கட்டணம் இல்லை. செய்துவைப்பதில் நஷ்டம் எதுவும் தெரியவில்லை. ஆனால் பதிவால் மட்டும் தொழில் பெருகும் என்பதற்குச் சான்று மெலிது. இலங்கையில் 2013இல் வெளியான ஆய்வில், பதிவுச் செலவைத் திருப்பித் தருகிறோம் என்றபோதும் கடைக்காரர்கள் அசையவில்லை. கையில் பணம் கொடுத்தபோது பதிந்தவர்களிலும் சிலர்தான் வளர்ந்தார்கள்.

கியூஆர் அட்டை வந்தபின் நிலைமை வேறு. பேரேடு எழுதாத கடைக்கும் தினசரி வரவின் தடம் தொலைபேசியில் சேர்கிறது. அதை வைத்துக் கடன் தரலாம். பணப் பரிமாற்ற நிறுவனங்கள் சில இப்போது வணிகர் கடனை நாள் தவணையில் தருகின்றன. வரவிலிருந்தே தினமும் ஒரு தொகை கழிகிறது. தண்டலின் அதே தாளம். வட்டியும் கட்டணமும் அதைவிடக் குறைவாக இருந்தால் பெரிய விடுதலை. ஆனால் பிடித்தம், கட்டணம் என்று சிதறிக் கிடக்கும் விலையைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கைக் கடைக்காரருக்கு யார் போட்டுக் காட்டுவது?

திறந்து நிற்பவை

கிடைக்கும் சான்றுகளை வைத்து ஓரளவு துணிந்து சொல்லக்கூடியது இது: நூற்றிருபது ஆண்டு விவாதம் பெரும்பாலும் வட்டி எத்தனை சதவீதம் என்பதைச் சுற்றியே நடந்தது; வியாபாரியோ பணம் எந்த நேரத்தில் வரும், எந்த அளவில் போகும் என்பதற்கே விலை கொடுத்துக்கொண்டிருந்தார். நாளின் தாளத்தோடு பொருந்திய ஏற்பாடுகள் நிலைத்தன. பொருந்தாதவை மலிவாக இருந்தும் வாசலோடு நின்றன.

இதற்கு மேல் சொல்வது கடினம். சிறு கடைகள் எல்லாம் வளர வேண்டுமா என்பதிலேயே உடன்பாடு இல்லை. கடை வைத்திருப்போரில் பலர் மாதச் சம்பளம் கிடைத்தால் நாளைக்கே ஷட்டரை இறக்கிவிடுவார்கள் என்கிறார்கள் பானர்ஜியும் டுஃப்லோவும். அப்படியானால் கடன் தர வேண்டிய இடத்தில் வேலை தர வேண்டியிருக்கிறது. எண்களில் தடம் பதியாத, இன்னமும் ரொக்கத்தில் ஓடும் கடைகள் புதிய ஏற்பாட்டில் இன்னும் பின்னால் தள்ளப்படுமா என்பதும் தெளிவாகவில்லை.

இன்னொன்று, தண்டல் அட்டையின் வெற்றுக் கட்டங்கள். ஐப்பசி மழையில் சந்தை ஓடாத நாளில் வியாபாரி, "நாளைக்குச் சேர்த்துத் தர்றேன்ணே" என்கிறார். வசூல்காரர் சில நாள் தலையாட்டிவிட்டுப் போகிறார், சில நாள் கத்துகிறார். அந்தக் கட்டத்தைக் காலியாக விடும் உரிமை அவர் தயவில் இருக்கிறது. வங்கியின் தவணைப் பட்டியலில் அப்படி ஒரு கட்டம் இல்லை. தொலைபேசியில் தானாகக் கழியும் கடனில், மழை என்று சொல்ல எதிரே ஆளே இல்லை. ஆண்டுக்கு இத்தனை மழை நாள், இத்தனை காய்ச்சல் நாள் என்று கடன் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்தால் அதற்கான செலவை வாங்குபவர், வங்கி, அரசு மூவரில் யார், எவ்வளவு ஏற்பது என்பதற்குக் கொல்கத்தாச் சோதனை ஒரு தொடக்கக் கணக்கை மட்டும் தந்திருக்கிறது.